நூற்புழுவை ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தது யார்? பிரென்னர் உண்மையில் செய்தது என்ன?

விலங்கியல் முதுகலை படிக்கும் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி சுருக்கமாக இது: "சி. எலிகன்ஸ் என்ற நூற்புழுவை ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தவர் சிட்னி பிரென்னர் என்று பாடத்தில் இருக்கிறது. அவருக்கு முன்பே டாஹர்ட்டி என்பவர் அதை வளர்த்தார் என்று செமினாரில் ஒருவர் சொன்னார். அப்படியானால் பிரென்னர் புதிதாக என்ன செய்தார்? ஒரு மில்லிமீட்டர் புழுவைத் தேர்ந்தெடுத்ததற்காகவா நோபல் பரிசு?" யார் முதலில் என்ற தேதிக் கணக்கைக் கேட்பது போலத் தெரிந்தாலும், உள்ளே இருக்கும் கேள்வி வேறு. ஏற்கெனவே இருந்த ஒரு உயிரினத்தைத் தேர்ந்தெடுப்பது ஒரு விஞ்ஞானச் சாதனையாக முடியுமா என்பதுதான் அது. முடியும் என்பது என் பதில். அதற்காக முன்னால் இருந்தவர்களை அழித்துவிட வேண்டியதில்லை.

நான் இந்தப் புழுவோடு பல வருடம் வேலை செய்தவன். மரபியல் பகுதியை அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன். வரலாற்றுப் பகுதி ஆய்வுக் கட்டுரைகளையும், பிரென்னரும் அவரோடு வேலை செய்தவர்களும் பின்னாளில் எழுதியவற்றையும் படித்துத் தெரிந்துகொண்டது. நான் வரலாற்று ஆய்வாளன் அல்ல என்பதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் சந்தேகமே இல்லாத விஷயம். இந்தப் புழுவைக் கண்டுபிடித்தது பிரென்னரும் இல்லை, டாஹர்ட்டியும் இல்லை. எமில் மோப்பா என்ற பிரெஞ்சுக்காரர். அல்ஜியர்ஸ் நகரில் நூலகர் வேலை பார்த்துக்கொண்டே நுண்ணுயிர்களையும் புழுக்களையும் ஆராய்ந்தவர். 1900-இல் வெளிவந்த அவருடைய நீண்ட ஆய்வில்தான் இந்தப் புழு முதன்முதலாக வர்ணிக்கப்பட்டது. ராப்டைடிஸ் எலிகன்ஸ் என்று அப்போது பெயர் வைத்தார். பெரும்பாலான புழுக்கள் இருபால் உயிரிகளாக, தாமே கருவுற்றுக் குஞ்சு பொரிக்கின்றன, ஆண் புழுக்கள் மிக அரிதாகவே தோன்றுகின்றன என்பதை அவர் அப்போதே எண்ணிப் பார்த்து எழுதிவிட்டார். பல்கலைக்கழகப் பதவி எதுவும் இல்லாத ஒருவர், நூலக வேலை போக மிச்ச நேரத்தில் செய்த வேலை இது. இன்று அதைப் படித்தாலும் மரியாதை வருகிறது.

அடுத்தது, லியோன் நகரில் வேலை செய்த விக்டர் நிகோன். 1940-களில், போர்க்காலத்திலும் அதை ஒட்டியும், இவர் இந்தப் புழுவின் குரோமோசோம்களையும் இனப்பெருக்கத்தையும் விரிவாக ஆராய்ந்தார். இருபால் புழுவுக்கு எக்ஸ் குரோமோசோம் இரண்டு, ஆண் புழுவுக்கு ஒன்றுதான் என்ற அடிப்படை அங்கிருந்து வந்தது. குரோமோசோம் தொகுதி இரட்டிப்பான புழுக்களைக்கூட அவர் உருவாக்கிக் காட்டினார். பிரெஞ்சு மொழியில் எழுதியதாலோ என்னவோ, ஆங்கிலப் பாடநூல்களில் அவர் பெயர் ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. இது என் ஊகம், நிரூபிக்க முடியாது. ஆனால் அவர் பங்கு ஒரு வரிக்கு மேல் என்பதில் சந்தேகம் இல்லை.

இப்போது எல்ஸ்வொர்த் டாஹர்ட்டி. கலிஃபோர்னியாவில் வேலை செய்தவர், முதலில் ஒட்டுண்ணிப் புழுக்களின் வகைப்பாட்டில் ஆர்வம் கொண்டவர். 1948-இல் நேச்சர் இதழில் அவரும் கால்ஹூன் என்பவரும் ஒரு சிறிய கட்டுரை எழுதினார்கள். மண்ணில் சுதந்திரமாக வாழும் நூற்புழுக்கள் மரபியல் ஆராய்ச்சிக்கு நல்ல உயிரினமாக அமையலாம் என்பதுதான் அதன் சாரம். பிரென்னரின் திட்டத்துக்குப் பதினைந்து வருடம் முன்பு! அதோடு நிற்காமல், பாக்டீரியாவே இல்லாத ஊட்டக் கரைசலில் இந்தப் புழுக்களை வளர்ப்பது எப்படி என்று பல வருடம் போராடினார். கல்லீரல் சாறு சேர்த்து, எந்தச் சத்து அவசியம், எது தேவையில்லை என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கும் வேலை அது. சி. எலிகன்ஸ் என்பதில் 'சி' குறிக்கும் கேனோராப்டைடிஸ் என்ற பெயருக்குப் பேரினத் தகுதியை 1955-இல் கொடுத்தவரும் அவர்தான். இங்கிலாந்தின் பிரிஸ்டல் அருகே காளான் வளர்க்கும் மக்கிலிருந்து எடுத்த ஒரு வளர்ப்பு, வாரிக் நிக்கோலஸ் என்ற விஞ்ஞானி வழியாக அவரிடம் போய்ச் சேர்ந்தது. பின்னால் பிரென்னருக்குப் புழுக்களை அனுப்பிக் கொடுத்தவரும் டாஹர்ட்டியே. 1965-இல், நாற்பத்து நான்கு வயதைத் தாண்டாமலே அவர் இறந்துபோனார். புழு ஆராய்ச்சி எப்படி வளர்ந்தது என்று பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

ஆகவே செமினாரில் சொன்னவர் சொன்னது சரி. "ஆய்வகத்தில் நூற்புழுவை வளர்த்துப் பார்த்த முன்னோடி" என்று கேட்டால், நான் நிகோன், டாஹர்ட்டி இரண்டு பேரையும்தான் முதலில் சொல்வேன்.

சரி, பிரென்னர் என்ன செய்தார்? 1927-இல் தென் ஆப்பிரிக்காவின் ஜெர்மிஸ்டன் என்ற சிற்றூரில் பிறந்தவர். அப்பா லிதுவேனியாவிலிருந்து வந்த செருப்புத் தைப்பவர், எழுதப் படிக்கத் தெரியாதவர். மருத்துவம் படித்து, பிறகு ஆக்ஸ்ஃபோர்டில் ஆராய்ச்சிப் பட்டம் முடித்து, கேம்பிரிட்ஜில் ஃபிரான்சிஸ் கிரிக்கோடு ஒரே அறையில் இருபது வருடம் உட்கார்ந்து வேலை செய்தவர். மரபணுவின் செய்தி மூன்று மூன்று எழுத்துகளாகப் படிக்கப்படுகிறது என்பதைக் காட்டிய 1961 ஆய்வில் அவர் உண்டு. மரபணுவின் செய்தியைப் புரதம் உருவாகும் இடத்துக்குக் கொண்டுபோகும் தூது ஆர்.என்.ஏ. என்ற ஒன்று இருக்கிறது என்று அதே காலத்தில் நிறுவியவர்களிலும் அவர் உண்டு. இதில் ஏதாவது ஒன்றே ஒரு வாழ்நாளுக்குப் போதும் என்று பலரும் நினைப்பார்கள்.

ஆனால் 1963 ஜூனில், ஆய்வகத் தலைவர் மேக்ஸ் பெரூட்ஸுக்கு எழுதிய கடிதத்தில், மூலக்கூறு உயிரியலின் பழைய கேள்விகள் ஏறக்குறைய எல்லாமே தீர்ந்துவிட்டன, மீதியும் அடுத்த பத்து வருடத்தில் தீரும், இனி வளர்ச்சிக்கும் நரம்பு மண்டலத்துக்கும் போக வேண்டும் என்று எழுதினார். அந்தக் கணிப்பு அப்படியே பலித்ததா என்பது விவாதத்துக்கு உரியது. மரபணுக்கள் எப்படி இயக்கப்படுகின்றன, எப்படி அடக்கப்படுகின்றன என்பதில் எவ்வளவோ பின்னால்தான் தெரியவந்தது. ஆனாலும் அடுத்த கேள்வி எங்கே இருக்கிறது என்று அவர் சரியாகப் பார்த்துவிட்டார். ஒரே கருமுட்டையிலிருந்து ஒரு முழு உடல் எப்படி உருவாகிறது, அந்த உடலில் உள்ள நரம்புகள் எப்படி நடத்தையை உண்டாக்குகின்றன, இதில் மரபணுவின் பங்கு என்ன?

இதற்கு எந்த உயிரினம்? இங்கேதான் அவருடைய தேர்வின் அருமை. பழ ஈ ஏற்கெனவே தயாராக இருந்தது, அரை நூற்றாண்டு மரபியல் அதற்குப் பின்னால் இருந்தது. அவருடைய சமகாலத்தவர் சீமோர் பென்சர் அதைத்தான் எடுத்தார், பெரிய வெற்றியும் கண்டார். ஆனால் ஈயின் மூளையில் லட்சத்துக்கும் மேற்பட்ட நரம்புச் செல்கள். பிரென்னருக்குத் தேவைப்பட்டது, ஒரு செல்கூட விடுபடாமல் முழுவதையும் எண்ணி முடிக்கக்கூடிய ஒரு விலங்கு. பாக்டீரியா அளவுக்கு எளிதாக வளர வேண்டும். வேகமாகப் பெருக வேண்டும். எலெக்ட்ரான் நுண்ணோக்கியின் மிகச் சிறிய பார்வைப் பரப்புக்குள் உடலின் குறுக்குவெட்டு முழுவதும் அடங்க வேண்டும். பல உயிரினங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு நூற்புழுவுக்கு வந்தார். 1963 அக்டோபரில் அவர் மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலுக்குக் கொடுத்த திட்டத்தில் எழுதியிருந்தது எலிகன்ஸ்கூட இல்லை, அதன் உறவான பிரிக்ஸே என்ற இனம். எலிகன்ஸுக்கு மாறியது அதற்குப் பிறகு. மேதைகள் முதல் நாளே எல்லாம் தெரிந்து தொடங்குவதாகக் கதை சொல்பவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

நிகோனுக்கும் டாஹர்ட்டிக்கும் பிரென்னருக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு பெட்ரி தட்டை வைத்தே புரியவைக்கலாம். டாஹர்ட்டி புழுவின் உணவைப் புரிந்துகொள்ள விரும்பினார், அதனால் பாக்டீரியாவை ஒழிக்க இத்தனை பாடுபட்டார். பிரென்னருக்கு அந்தக் கேள்வியில் அக்கறை இல்லை. அகார் தட்டில் ஈ. கோலை பாக்டீரியாவைப் பூசி, அதன் மேல் புழுவை விட்டுவிட்டார். வேலை முடிந்தது. இருபது டிகிரி சூட்டில் மூன்று, மூன்றரை நாளில் முட்டையிலிருந்து முட்டையிடும் புழு. ஒரு புழுவுக்கு ஏறத்தாழ முந்நூறு குஞ்சு. இன்றும் உலகம் முழுக்க இதே முறைதான். நுனி தட்டையாக்கிய பிளாட்டினம் கம்பியில் கொஞ்சம் பாக்டீரியாவைத் தொட்டு, அதில் புழு ஒட்டிக்கொள்ள, தூக்கி அடுத்த தட்டில் வைப்போம். புதிதாக வருபவர்கள் முதல் வாரம் புழுவைக் குத்திக் கொல்வார்கள், அகாரைக் கிழிப்பார்கள். அப்புறம் கை பழகிவிடும்.

இப்போது நான் மிக முக்கியமாக நினைக்கும் இடத்துக்கு வருகிறேன். நரம்பு மண்டலத்தில் மரபணுவின் பங்கைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் நரம்பு கெட்டுப்போன மியூட்டன்ட்கள், அதாவது மரபணு மாறிப்போன விலங்குகள் வேண்டும். ஆனால் நரம்பு கெட்ட விலங்கு பொதுவாக என்ன ஆகும்? இரை தேட முடியாது, துணை தேட முடியாது, சந்ததி இல்லாமல் செத்துப்போகும். எந்தக் குறையை ஆராய விரும்புகிறோமோ அந்தக் குறையே பரம்பரையை அறுத்துவிடும். சி. எலிகன்ஸில் அப்படி ஆகாது. அது உணவின் மேலேயே படுத்திருக்கிறது. தொண்டை இயங்கினால் போதும், சாப்பிட்டுவிடும். துணை தேவையில்லை, தானே கருவுறும். அசையவே முடியாத, முடங்கிப்போன புழுகூட முட்டையை வெளியேற்ற முடியாவிட்டால் உள்ளேயே பொரித்து, குஞ்சுகள் தாயைத் தின்று வெளியே வரும். கொடூரமாகத் தோன்றலாம். மரபியல் செய்பவனுக்கு அது ஒரு வரம். முடங்கிய புழுவின் பரம்பரை அறுபடாமல் கையில் இருக்கிறது. ஆணும் தேவையானபோது கிடைக்கும், ஆயிரத்துக்கு ஒன்று என்ற கணக்கில் தானாகவே தோன்றும், அதை வைத்துக் கலப்பு செய்யலாம். தானே கருவுறுவதும், வேண்டும்போது கலப்பதும் ஒரே விலங்கில் அமைந்திருப்பதை மோப்பா எழுத்தில் வைத்துப் போனார். அதை ஒரு கருவியாகப் பயன்படுத்தலாம் என்று முழுதாக உணர்ந்து வேலையில் இறக்கியது பிரென்னர்.

எத்தில் மீத்தேன் சல்ஃபனேட் என்ற ரசாயனத்தைக் கொடுத்து மரபணுக்களில் மாற்றங்களை உண்டாக்கி, இரண்டு தலைமுறை கழித்துத் தட்டுகளில் வித்தியாசமான புழுக்களைப் பொறுக்கினார். நடையில் தடுமாறுபவை, குட்டையாகத் தடித்தவை, உருண்டு உருண்டு போகிறவை, தோலில் கொப்புளம் உள்ளவை. 1974-இல் ஜெனிடிக்ஸ் இதழில் அவர் தனியாக எழுதிய கட்டுரையில் ஏறத்தாழ 300 மியூட்டன்ட்கள், அவை ஏறத்தாழ நூறு மரபணுக்களைச் சேர்ந்தவை, அவற்றில் 77 நடையைப் பாதிப்பவை, எல்லாம் ஆறு குரோமோசோம்களில் வரிசைப்படுத்தப்பட்டிருக்கின்றன. தொடங்கி ஏறத்தாழ பத்து வருடத்துக்குப் பிறகு வந்த கட்டுரை. இன்று எந்த மானியக் குழுவும் இவ்வளவு பொறுத்திருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தப் பட்டியலில் இருந்த 'தடுமாறும்' புழுக்களில் ஒன்று, நரம்புச் செல் தன் வேதிச் செய்தியை வெளியிடும் புரதத்துக்கு நம்மை அழைத்துச் சென்றது. அதே புரதத்தின் உறவுகள் நம் மூளையிலும் இருக்கின்றன. இன்னொன்று தசையைச் சுருங்கவைக்கும் மயோசின் என்ற புரதத்தின் மரபணு. மூன்றாவது ஒன்று, வளரும் நரம்பு இழைக்கு வழிகாட்டும் புரதம். 1974-இல் இவை வெறும் எண்கள். என்னவென்று தெரிய இன்னும் பல வருடம் ஆனது.

இங்கே ஒரு திருத்தம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாடநூல்கள் இதையும் பிரென்னர் கணக்கிலேயே எழுதிவிடுகின்றன. முழுமை என்ற கனவு அவருடையது. அதை நிறைவேற்றிய கைகளும் கண்களும் மற்றவர்களுடையவை. ஜான் சல்ஸ்டன் 1969-இல் வந்து சேர்ந்தார். உயிருள்ள புழுவை நுண்ணோக்கியின் அடியில் வைத்து, ஒரு செல் இரண்டாகப் பிரிவதை நேரில் பார்த்து வரைந்துகொண்டே போனார். ராபர்ட் ஹார்விட்ஸும் அவரும் சேர்ந்து முட்டையிலிருந்து வந்த பிறகு நடக்கும் பிரிவுகளை 1977-இல் வெளியிட்டார்கள். முட்டைக்குள் நடப்பவை 1983-இல் வந்தன. அதோடு, கருவுற்ற ஒரே செல்லிலிருந்து வளர்ந்த இருபால் புழுவின் 959 உடல் செல் உட்கருக்கள் வரை ஒவ்வொன்றின் வம்சாவளியும் எழுதப்பட்டுவிட்டது. வேறு எந்த விலங்குக்கும் அதற்கு முன் இது நடந்ததில்லை. புழுக்களை உறைய வைத்து வருடக்கணக்கில் பாதுகாக்கும் முறையைக் கண்டவரும் சல்ஸ்டன்தான். அது இல்லாவிட்டால் இத்தனை ஆயிரம் மியூட்டன்ட்களை யாரும் காப்பாற்றியிருக்க முடியாது.

நரம்பு வரைபடம் ஜான் வைட், எய்லீன் சௌத்கேட், நிக்கல் தாம்சன் ஆகியோர் பிரென்னரோடு செய்தது. தாம்சன் புழுவை ஒரு மில்லிமீட்டரில் இருபதாயிரத்தில் ஒரு பங்கு தடிமன் உள்ள சீவல்களாக வரிசை தப்பாமல் அறுத்தார். படங்களில் ஒவ்வொரு நரம்பிழையையும் மையால் எண்ணிட்டுப் பின்தொடர்வது சௌத்கேட்டின் அன்றாட வேலை. 1986-இல் வெளியானபோது 340 பக்கம். 302 நரம்புச் செல்கள், அவற்றுக்கிடையே ஏறத்தாழ 5000 வேதி இணைப்புகள். சௌத்கேட்டின் பெயர் நோபல் மேடையில் வரவில்லை. இந்தத் துறையில் வேலை செய்பவர்கள் அவரை மறக்கவில்லை என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

2002-இல் பிரென்னர், ஹார்விட்ஸ், சல்ஸ்டன் மூவருக்கும் மருத்துவ நோபல் கிடைத்தது. உங்கள் கடைசிக் கேள்விக்கு நேரடி பதில் இங்கே இருக்கிறது. பரிசு 'புழுவைத் தேர்ந்தெடுத்ததற்காக' மட்டும் வரவில்லை. உறுப்புகள் உருவாவதையும், திட்டமிட்ட செல் இறப்பையும் மரபணுக்கள் எப்படி நடத்துகின்றன என்று கண்டதற்காக வந்தது. வம்சாவளியை எழுதும்போது சல்ஸ்டனும் ஹார்விட்ஸும் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள்: உருவாகும் 1090 செல்களில் சரியாக 131 செல்கள், ஒவ்வொரு புழுவிலும் அதே செல்கள், அதே நேரத்தில் சாகின்றன. ஒவ்வொரு செல்லும் எண்ணப்பட்டிருந்ததால்தான் இல்லாமல்போனது கண்ணில் பட்டது. அந்தச் சாவை நடத்தும் மரபணுக்களை ஹார்விட்ஸின் குழு கண்டுபிடித்தது, அவற்றின் உறவுகள் மனித செல்களிலும் இருப்பது தெரியவந்தது, புற்றுநோய் ஆராய்ச்சியின் ஒரு பெரிய கிளை அதிலிருந்து வளர்ந்தது. பிரென்னர் தன் நோபல் உரையில், பரிசு பெற்ற நான்காவது ஆள் அந்தப் புழுதான் என்ற பொருளில் பேசினார்.

இனி, உறுதியாகச் சொல்ல முடியாத பகுதி. பிரென்னர் முதலில் கேட்ட கேள்வி நடத்தை பற்றியது. நரம்பு வரைபடம் முழுதாகக் கையில் இருந்தால் புழு ஏன் இப்படி நெளிகிறது, ஏன் திரும்புகிறது என்று சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கை பலருக்கு இருந்தது. 1986-க்குப் பிறகு நாற்பது வருடம் நெருங்குகிறது, அந்த அளவுக்கு நாம் இன்னும் போகவில்லை. எந்த நரம்பு எதைத் தொடுகிறது என்பது மட்டும் போதாது. எந்த இணைப்பு தூண்டுகிறது, எது அடக்குகிறது, எவ்வளவு வலுவாக என்பதை அந்தப் படம் சொல்லாது. நரம்புச் செல்கள் வெளியிடும், இணைப்பே இல்லாமல் உடல் திரவத்தில் பரவும் நியூரோபெப்டைடுகள் என்ற சிறு புரதத் துண்டுகள் நடத்தையை மாற்றுவதும் இப்போது நன்றாகத் தெரியும். வரைபடம் அவசியமா என்றால், கட்டாயம் அவசியம் என்பேன். அது மட்டுமே போதும் என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள். மறுபுறம், பிரென்னர் கேட்கவே கேட்காத கேள்விகளுக்கு இந்தப் புழு விடை கொடுத்தது. 1993-இல் மரபணுக்களை அடக்கும் மிகச் சிறிய ஆர்.என்.ஏ.வான மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களில் முதலாவது, 1998-இல் இரட்டை இழை ஆர்.என்.ஏ.வால் ஒரு மரபணுவை அடக்கும் ஆர்.என்.ஏ. குறுக்கீடு, அதே வருடம் ஒரு விலங்கின் முதல் முழு மரபணுத் தொகுதி. இவற்றில் முதல் இரண்டுக்கும் தனித்தனி நோபல்கள் வந்தன. இதையெல்லாம் அவர் 1963-இல் முன்கூட்டியே கண்டார் என்று எழுதுவது மிகை.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு, இது நீங்கள் ஆராய்ச்சிக்குப் போனால் உதவும். பிரென்னர் பயன்படுத்திய பிரிஸ்டல் வகைக்கு என்2 என்று பெயர். அதைத்தான் உலகம் 'இயல்பான' சி. எலிகன்ஸ் என்று வைத்துக்கொண்டிருக்கிறது. ஆனால் உறைய வைக்கும் முறை வருவதற்கு முன் அது பல வருடம் ஆய்வகத்தில் தலைமுறை தலைமுறையாக வளர்ந்தது. அந்தக் காலத்தில் அதன் மரபணுக்களில் ஆய்வக வாழ்க்கைக்கு ஏற்ற மாற்றங்கள் நிலைத்துவிட்டன. காட்டுப் புழுக்கள் பல, பாக்டீரியா படலத்தின் ஓரத்தில் கூட்டமாகச் சேர்ந்து தின்னும். என்2 தனித்தனியாகப் பரவித் தின்னும். இந்த வித்தியாசத்துக்கு முக்கியக் காரணமான ஒரு மரபணு மாற்றம் ஆய்வகத்திலேயே தோன்றியது என்பது 2009 வாக்கில் காட்டப்பட்டது. இயற்கையில் இந்தப் புழு பெருகும் இடமும் நாம் சொல்லிக்கொடுத்தது போல வெறும் மண் இல்லை, அழுகும் பழங்களும் தண்டுகளும்தான். ஆக, எத்தனையோ நடத்தை ஆய்வுகளில் நாம் படித்தது தட்டுக்குப் பழகிய ஒரு வகையை. பிரென்னரின் முடிவுகளை இது தவறாக்காது. ஆனால் 'புழு இப்படித்தான் நடந்துகொள்ளும்' என்று எழுதும் முன் எந்தப் புழு என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

உங்கள் செமினாருக்கு நான் எழுதச் சொல்வது இது: மோப்பா கண்டு வர்ணித்தார், நிகோனும் டாஹர்ட்டியும் ஆய்வகத்தில் வளர்த்து மரபியலுக்கு உகந்தது என்று காட்டினார்கள், பிரென்னர் அதை வளர்ச்சியையும் நரம்பையும் ஆராயும் மரபியல் கருவியாக்கி ஒரு துறையைத் தொடங்கினார். இந்தக் கடைசிச் சொற்றொடரில் இன்னொன்றும் அடங்கியிருக்கிறது. கேம்பிரிட்ஜில் அவரிடம் பயின்றவர்கள் ஊர் திரும்பும்போது புழுக்களையும் மியூட்டன்ட்களையும் கையோடு கொண்டுபோனார்கள். வெளியாகாத முடிவுகளைக்கூடப் பகிர்ந்துகொள்ள 1975-இலேயே ஒரு செய்திமடல் தொடங்கியது. மியூட்டன்ட்களைக் காத்து, கேட்பவர்களுக்கு அனுப்பும் பொது மையம் ஒன்று அமெரிக்காவில் அமைந்தது, இன்று அது மினசோட்டா பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. 1974 கட்டுரையின் புழுக்களை நீங்களும் அங்கிருந்து வரவழைக்கலாம். கட்டுரையும் இலவசமாகவே படிக்கக் கிடைக்கிறது. முதல் சில பக்கங்களில் கலப்பு முறைகளை விளக்கும் பகுதியை ஒரு பேனாவும் தாளும் வைத்துக்கொண்டு போட்டுப் பார்த்துப் படியுங்கள். புரியாத இடம் எது என்று குறிப்பிட்டுக் கேட்டால் அதற்குத் தனியாக எழுதுகிறேன்.